பால் புட்டியிலிருந்து டம்ளர் வரை: எதை வாங்குவது, எதைக் கைமாற்றுவது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் முழு நேர வேலைக்குத் திரும்புகிறேன். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். தாய்ப்பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகலாம் என்றும், போதாவிட்டால் பவுடர் பால் கொடுக்கலாம் என்றும் நினைத்திருக்கிறோம். என் நாத்தனார் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பயன்படுத்திய புட்டிகள், மின்சார பம்ப், ஹை சேர் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டார். மூத்தவனுக்குப் பதினாறு வயது, இளையவளுக்கு மூன்று வயது. மாமியாரோ ஆயா காலத்துப் பித்தளைச் சங்கையும் வெள்ளிச் சங்கையும் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறார். இவற்றில் எதைப் பயன்படுத்தலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்? மகளுக்கு இப்போதே உதவாமல் போன பொருட்கள் அறை முழுவதும் குவிந்து கிடக்கின்றன. அடுத்த பிள்ளைக்கு ஆகும், எறியாதே என்கிறார் மாமியார். என்ன செய்வது? — ஒரு தாய், டோங்காட் (டர்பன் அருகே, தென்னாப்பிரிக்கா)

அன்புள்ள சகோதரிக்கு,

நாத்தனார் கொடுத்த பெட்டியிலிருந்தே தொடங்குவோம். தரையில் ஒரு துணியை விரித்து எல்லாவற்றையும் அதன்மேல் கொட்டி, இரண்டு குவியலாகப் பிரியுங்கள். குழந்தையின் வாய்க்குள் போகிறவையும் பால் படுகிறவையும் ஒரு பக்கம் இருக்கட்டும். குழந்தையை உட்கார வைப்பவையும் தாங்குபவையும் மறுபக்கம் இருக்கட்டும். முதல் குவியலில் பெரும்பாலானவற்றை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது குவியலில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டர்பன் பகுதியில் குழந்தை நலச் செவிலியராக இருந்து நான் பார்த்தவரை, புதிய ஹை சேருக்குப் பணம் செலவழித்துவிட்டுப் பழைய நிப்பிளைக் கழுவிப் பயன்படுத்தும் வீடுகளே அதிகம். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது.

மூத்த பிள்ளை குடித்த புட்டிகளை யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். பாலில் கசியக்கூடிய பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் கலந்த பாலிகார்பனேட் (ஒருவகைக் கடின பிளாஸ்டிக்) பால் புட்டிகளை விற்பதற்குத் தென்னாப்பிரிக்கா 2011 அக்டோபரில்தான் தடை விதித்தது. அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்த காலம் அதற்கு முந்தையது. கண்ணாடி போலத் தெளிவாகவும் கடினமாகவும் இருந்து, அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் இருந்தால் அது அந்த வகையாக இருக்கக்கூடும். வேறு சில பாதுகாப்பான பிளாஸ்டிக்குகளுக்கும் அதே எண் உண்டு என்றாலும், இத்தனை வயதான புட்டிக்கு அந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

இளையவளின் புட்டிகள் இலேசாகப் புகை படிந்தாற்போல் மங்கலாக, அடியில் 5 என்ற எண்ணுடன் இருக்கும், அது பாலிபுரோபிலீன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். பிரஷ் கீறிய கோடுகள் வலைபோல் தெரிந்தாலோ, கழுவிய பிறகும் பால் வாடை அடித்தாலோ, அந்தக் கீறல்களில் கொழுப்பும் கிருமியும் தங்கியிருக்கின்றன என்று கொள்ளலாம். அளவுக் கோடுகளையும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. மி.லி. எண்கள் அழிந்துபோன புட்டியில் பவுடர் பால் கலக்கும்போது தண்ணீர் கண் மதிப்பில் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். நீர்த்த பாலைக் குடிக்கும் குழந்தை எடை கூடாமல் நிற்கும். கெட்டியான பால் மலச்சிக்கலையும், சிறுநீரகத்துக்குப் பளுவையும் தரும். கண்ணாடிப் புட்டி ஏதாவது இருந்தால் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வாய் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, சிதைவு ஏதும் இல்லாமல் இருந்தால் போதும்.

நிப்பிள்கள் அனைத்தும் குப்பைக்குப் போகட்டும். நிப்பிள் தேயும் பொருள். பழுப்பு நிற ரப்பர் நிப்பிள் விரைவில் பிசுபிசுக்கும். சிலிக்கான் நிப்பிள் சற்று நீடித்தாலும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. கழுவும்போது நுனியைப் பிடித்து எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள். வெடிப்பு, மெலிந்த இடம், நிறமாற்றம் எது தெரிந்தாலும் அன்றே தூக்கி எறியுங்கள். பல் முளைத்த குழந்தையின் வாயில் கிழிந்த நிப்பிளின் துண்டு கழன்று வந்து தொண்டையை அடைக்கக்கூடும்.

துளையின் அளவைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பால் குடித்ததும் கக்குகிறது, இருமுகிறது என்று இரண்டரை மாதக் குழந்தை ஒன்றைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மூன்று விதமான மருந்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். என் முன்னாலேயே பால் கொடுக்கச் சொன்னேன். வாயின் இரு ஓரங்களிலும் பால் வழிந்தது. குழந்தை கண்களை அகல விரித்து, விரல்களை விசிறிபோல் விரித்து, மூச்சு வாங்க இடமில்லாமல் மடக்மடக்கென்று விழுங்கியது. புட்டியைத் தலைகீழாகப் பிடித்தேன்; சொட்டாக விழ வேண்டிய பால் நூலாக ஒழுகியது. பாட்டி, பேத்தி சீக்கிரம் குடிக்கட்டும் என்ற அன்பில், சூடான ஊசியால் துளையைப் பெரிதாக்கியிருந்தார். மெதுவாக ஒழுகும் புதிய நிப்பிளை மாற்றினோம். இருமல் அன்றே நின்றது. புட்டி வாங்கும்போது உறையில் போட்டிருக்கும் வயதை முழுதாக நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் முதல் எண் நிப்பிள் இன்னொரு நிறுவனத்தின் இரண்டாம் எண்ணைவிட வேகமாக ஒழுகுவதுண்டு. பால் வழிவதும் விரல் விரிவதும் துளை பெரிது என்பதற்கு அடையாளம். நிப்பிள் உள்நோக்கி ஒட்டிக்கொள்வதும், குழந்தை பாதியில் சலித்து அழுவதும் துளை சிறிது என்பதற்கு அடையாளம். தாய்ப்பாலும் குடிக்கும் குழந்தைக்கு மெதுவான நிப்பிளையே கடைசிவரை வைத்திருக்கலாம்.

நாத்தனாரின் மின்சார பம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அதைப் பயன்படுத்த வேண்டாம். வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்கப்படும் பம்ப்கள் ஒருவருக்கு மட்டுமே உரியவை. பல பம்ப்களில் பாலுக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்பு இருப்பதில்லை. ஆவியாகவோ துளியாகவோ பால் குழாய் வழியாக மோட்டாருக்குள் போய்விட்டால், எந்தக் கொதிநீரும் அங்கே எட்டாது. குழாயையும் கோப்பையையும் புதிதாக வாங்கி மாட்டினாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். தாய்ப்பால் வழியாக எச்ஐவி போன்ற கிருமிகள் பரவக்கூடும் என்பதால், உடன்பிறந்தவர்களிடையேகூட பம்ப் மாற்றிக்கொள்வதை நாங்கள் அனுமதிப்பதில்லை. இது நாத்தனார் மீதான சந்தேகம் அல்ல, எல்லோருக்கும் ஒரே விதி என்று அவரிடமும் சொல்லுங்கள். தினமும் இரண்டு முறைக்கு மேல் பிழிவதில்லை என்றால் கையால் இயக்கும் புதிய பம்ப் ஒன்றே போதும். விலையும் குறைவு, கழுவுவதும் எளிது. பால் கொடுக்கும் பணியாளருக்கு நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்று இந்நாட்டின் பணி நடைமுறைக் கோவை சொல்கிறது. எழுத்தில் அது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரைதான் என்றாலும், அதைக் காட்டி மேலும் சில மாதங்களுக்குக் கேட்டுப் பாருங்கள்.

இனி வாங்க வேண்டியவை. எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் எழுத மாட்டேன். பால் பவுடர், புட்டி, நிப்பிள் ஆகியவற்றை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2012 டிசம்பரில் விதிமுறைகள் வந்தன. தாய்மார்களின் குழப்பத்தை அருகிலிருந்து பார்ப்பவள் என்ற முறையில் அவற்றை மனதார ஆதரிக்கிறேன். கடையில் புட்டியைக் கையில் எடுத்து முழுவதும் கழற்றிப் பாருங்கள். வாய் அகலமாக இருந்து, பிரஷ் அடிவரை சென்று எல்லா மூலையையும் தொட வேண்டும். பாகங்கள் நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. வாயுத் தொல்லையைத் தடுக்கும் என்று குழாயும் வளையமும் வால்வுமாக ஆறேழு பாகங்களோடு வரும் புட்டிகளை வாங்கிய பலர், இரவு பதினொரு மணிக்கு அவற்றைக் கழுவி முடிக்காமல் அழுததைக் கேட்டிருக்கிறேன். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிடைமட்டமாகச் சாய்த்து, நடுவே நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாலே வாயு குறையும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, தாய் இல்லாத நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 45 மி.லி. வரை தேவைப்படும். நீங்கள் ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் அது 270 முதல் 400 மி.லி.; மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்தால் 150 மி.லி. அளவுள்ள நான்கு புட்டிகள் போதும். 300 மி.லி. புட்டியை வாங்கவே வேண்டாம்; பெரிய புட்டி வீட்டில் இருந்தால் அதை நிரப்பத் தோன்றும், நிரப்பினால் காலி செய்ய வைக்கத் தோன்றும். பிழிந்த பால் அறையில் நான்கு மணி நேரமும் ஃபிரிட்ஜின் உட்பகுதியில் நான்கு நாளும் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. அறை என்பது இங்கே 25 டிகிரி வரை. ஜனவரி மாதத்து டோங்காட் பகல் அதற்குள் அடங்காது. எனவே பிழிந்ததும் ஐஸ் பையுள்ள பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மின்சார ஸ்டெரிலைசர் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். 2023-இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு, ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து உங்கள் ஊரே பல மாதங்கள் லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருந்தது. அப்போது கைகொடுத்தது மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரமும் கேஸ் அடுப்பும்தான். சோப்பு நீரில் கழுவி, பாகங்கள் எல்லாம் நீருக்குள் மூழ்கும்படி வைத்து, காற்றுக் குமிழி தங்காமல் பார்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஸ்டெரிலைசர் பரிசாக வந்தால் பயன்படுத்துங்கள்; பணம் கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன்.

பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால் மாமியாருக்கு ஒன்றை விளக்கிச் சொல்லுங்கள். டின்னுக்குள் இருக்கும் பவுடர் கிருமியற்றதன்று; அரிதாகவேனும் கடும் நோய் தரும் கிருமிகள் அதில் இருக்கக்கூடும் என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீரைக் கொதிக்க வைத்து அரை மணி நேரத்துக்குள் கலந்தால் அந்தச் சூடு இருக்கும். ஆனால் அந்தச் சூட்டை நேரே பிளாஸ்டிக் புட்டியில் ஊற்ற வேண்டாம். பாலிபுரோபிலீன் புட்டியில் சூடான நீரைக் குலுக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண் பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதை 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கொதிநீரில் சுத்தம் செய்த எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து, ஆறிய பிறகு புட்டியில் ஊற்றினால் இரண்டு கவலையும் தீரும். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்டதை மறுபடி கொடுக்கக் கூடாது. ஒரு டின்னில் வந்த கரண்டியை அடுத்த டின்னுக்கு எடுத்து வைக்கவும் கூடாது, ஏனெனில் கரண்டியின் அளவு டின்னுக்கு டின் மாறும்.

ஆயாவின் சங்குகளுக்கு வருகிறேன். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த தலைமுறையின் கைப்பொருள் ஒரு வீட்டில் இன்னும் பளபளப்போடு இருக்கிறது என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சங்கும், பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணமும் அறிவுள்ள கருவிகள்: மூடிய மூலை இல்லை, வால்வு இல்லை, துடைத்தால் சுத்தமா என்று தெரியும், கொதிக்க வைக்கலாம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் பாலாடையில் பால் புகட்டுகிறார்கள். வெள்ளிச் சங்கு ஒட்டுப் போடாததாகவும் உள்ளே வழவழப்பாகவும் இருந்தால் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம். குழந்தையைப் படுக்க வைத்து வாயில் ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். நிமிர்த்தி உட்கார வைத்து, சங்கின் மூக்குப் பகுதியைக் கீழ் உதட்டில் வைத்துச் சாய்த்தால் குழந்தை தானே உறிஞ்சிக்கொள்ளும். ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போகலாம்.

பித்தளைச் சங்கு வேண்டாம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலில் செம்பு கரைந்து சேர்வதையும், இந்தியாவில் பல குழந்தைகளின் கல்லீரலைக் கெடுத்த நோய்க்கு அது காரணமாக இருந்ததையும் 1980களில் புனே மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோய் ஏறத்தாழ மறைந்தேவிட்டது. ஆயா இதை அறிந்திருக்க வழியில்லை. பித்தளைச் சங்கு பூஜை அலமாரியில் இருக்கட்டும். சோறூட்டும் நாளில் தட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஆறு மாதம் ஆனதும் கப்பைத் தொடங்கிவிடலாம் என்பதால், புட்டியில் அதிகப் பணம் போடாதீர்கள் என்று மீண்டும் சொல்கிறேன். சிறிய எவர்சில்வர் டம்ளரில் இரண்டு வாய் தண்ணீர் போதும். முதல் வாரம் பாதி சட்டைக்குப் போகும், மூன்றாவது வாரம் அவளே இரு கையாலும் பிடிப்பாள். சிந்தாத சிப்பி கப்பை நான் பரிந்துரைப்பதில்லை. கிளினிக்கில் ஒருமுறை அப்படியொரு கப்பின் வால்வைப் பென்சில் முனையால் நெம்பி எடுத்துத் தாயிடம் காட்டினேன். சிலிக்கான் மடிப்புக்குள் மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்பூஞ்சை இருந்தது. அவர் தினமும் இரண்டு முறை கப்பைக் கழுவுகிறவர். வால்வு கழலும் என்பதே அவருக்குத் தெரியாது. ஒரு வயதில் புட்டியைக் குறைக்கத் தொடங்கி, ஒன்றரை வயதுக்குள் நிறுத்திவிட வேண்டும். இனிப்பிட்ட ரூயிபோஸ் (இந்நாட்டு மூலிகை) தேநீரைப் புட்டியில் ஊற்றித் தூங்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் புகுந்துவிட்டது. அது முன்பற்களை அரித்து, பசியையும் கெடுக்கும்.

கரண்டி மென்மையாகவும் ஆழமில்லாமலும் இருக்கட்டும். பல் வந்து கடிக்கத் தொடங்கியதும் சிலிக்கான் கரண்டியை நிறுத்திச் சிறிய எவர்சில்வர் கரண்டிக்கு மாறுங்கள். கிண்ணம், தட்டு ஆகியவற்றுக்கு உங்கள் சமையலறையில் இருப்பவையே போதும்.

நாத்தனாரின் ஹை சேர் நல்ல பரிசு. தோள், இடுப்பு, கால்களுக்கு நடுவே என ஐந்து இடத்திலும் பட்டை இருக்கிறதா, பூட்டு ‘டக்’கென்று விழுகிறதா, தட்டில் வெடிப்பு உண்டா, கால்கள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். பட்டைகளைக் கழற்றித் துவையுங்கள். மெத்தையின் தையலுக்குள் பழைய கஞ்சி கல்லாகியிருக்கும். குழந்தையின் பாதம் எதன்மீதாவது ஊன்ற வேண்டும். பாதம் அந்தரத்தில் தொங்கினால் உடல் தளர்ந்து சரியும், சரிந்த உடலோடு விழுங்குவது கடினம். பாதப்பலகை தாழ்வாக இருந்தால் அதன்மீது ஒரு மரக்கட்டையை இறுகக் கட்டிவிடலாம். பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் துண்டைச் சுருட்டி வையுங்கள். சாய்த்த நிலையில் கெட்டி உணவு கொடுக்கக் கூடாது. பட்டை போட்டிருந்தாலும் தனியே விட்டுப் போகக் கூடாது.

உதவாமல் போன பொருட்களைப் பற்றி மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. எதுவும் எளிதில் கிடைக்காத காலத்தில் வளர்ந்தவர்கள், உழைப்பில் வாங்கியதை எறிய மாட்டார்கள். அவருடன் சேர்ந்தே பிரியுங்கள். கண்ணாடிப் புட்டிகள், எவர்சில்வர் டம்ளர், வெள்ளிச் சங்கு, ஹை சேர், பருத்தித் துணிகள், கீறல் விழாத கிண்ணங்கள் அடுத்த பிள்ளைக்கு இருக்கட்டும். நிப்பிள், சூப்பான், கப்பின் வால்வு, உறிஞ்சுகுழல் ஆகியவற்றை எடுத்து வைப்பதில் பயனில்லை. இந்தக் கடலோர ஈரத்தில் இரண்டு ஆண்டு மூடிக் கிடந்த சிலிக்கானும் ரப்பரும் பிசுபிசுத்துப் பூஞ்சை பிடித்தே வெளியே வரும். எடுத்து வைப்பவற்றைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, மூடிகளைத் தனியே கழற்றி வையுங்கள். பெட்டியின்மேல் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். இந்தப் பிரித்தலைத் தள்ளிப்போடாமல் இருக்க, ஆறு, ஒன்பது, பன்னிரண்டாம் மாதத் தடுப்பூசி நாட்களையே கெடுவாக வைத்துக்கொள்ளலாம்.

பிறருக்குக் கொடுப்பதானால் துணி, ஹை சேர், கிண்ணம் ஆகியவற்றை மகிழ்ச்சியோடு கொடுங்கள். பாதி தீர்ந்த பால் பவுடர் டின்னையோ பழைய புட்டியையோ கொடுக்காதீர்கள். வெள்ள நிவாரணப் பொட்டலங்களில் நல்லெண்ணத்தோடு இவற்றைப் போடுபவர்கள் உண்டு. சுத்தமான நீர் இல்லாத இடத்தில் புட்டி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் என்பதாலும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்களையும் அது திசைதிருப்பும் என்பதாலும், பேரிடர் காலத்தில் இவற்றைத் தானமாகக் கேட்கவோ வாங்கவோ கூடாது என்பதே சர்வதேச வழிகாட்டுதல். காரில் வைக்கும் குழந்தை இருக்கையும் அந்தக் குவியலில் இருந்தால், அது விபத்தில் சிக்கியதா என்பது உறுதியாகத் தெரியாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம், யாரிடமிருந்தும் வாங்கவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு வாரத்தில் ஆறாம் மாதத் தடுப்பூசிக்கும் வைட்டமின் ஏ மருந்துக்கும் கிளினிக் போவீர்கள். மகளின் நலப் புத்தகத்தோடு, அவள் குடிக்கும் புட்டி ஒன்றையும் நீங்கள் வாங்கிய டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு, மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். அவள் பத்து வாய் குடிப்பதை நேரில் பார்த்தால், துளை சரியா, பிடித்திருக்கும் விதம் சரியா என்று அங்குள்ள செவிலியர் அப்போதே சொல்லிவிடுவார்; பகல் முழுவதும் புகட்டப் போகிறவர் மாமியார் என்பதால், அதை அவர் காதால் கேட்பது நல்லது.